பாதி சீசன், முழுச் சம்பளம்

2024 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனார்டின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தது. தொகை ஏறக்குறைய 15 கோடி டாலர். அன்றைக்கு யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. வயது 32 ஆகியிருந்தாலும் அந்த சீசனில் மனிதர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார், அணியும் ஜெயித்துக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் வலது முழங்கால் வீங்கியது. டல்லஸுக்கு எதிரான பிளேஆஃப் (சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) தொடரில் ஆறு ஆட்டங்களில் இரண்டில்தான் இறங்கினார். அந்தக் கோடையில் அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பயிற்சிக்குப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டு டெரிக் வைட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த சீசன் அக்டோபரில் தொடங்கியது. லெனார்டின் சீசன் ஜனவரியில்தான் தொடங்கியது. நீட்டித்த ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு அது. 82 ஆட்டங்களில் அவர் ஆடியது 37.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வைப் பார்க்கிறவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஸ்கோரைத் தேடுவதற்கு முன்னால் அன்றைய காயப் பட்டியலைத் தேடுவார்கள். ‘அநேகமாக ஆடுவார்’, ‘சந்தேகம்’, ‘பெரும்பாலும் இல்லை’, ‘இல்லை’ என்று அதில் நான்கு படிகள். லெனார்டின் பெயருக்கு நேரே ‘வலது முழங்கால், காயப் பராமரிப்பு’ என்ற வரி எத்தனை நாள் வந்திருக்கிறது என்று எண்ணுவதை நான் நிறுத்திப் பல நாளாகிறது. பட்டியலைப் பார்த்ததும் வரும் அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: இப்படி ஓர் ஆளுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு முன், எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் குழப்பம். பெரும்பாலானோர் போடும் கணக்கு, சம்பளத்தை ஆடிய ஆட்டங்களால் வகுப்பது. பால் ஜார்ஜை எடுத்துக்கொள்வோம். லெனார்டோடு ஐந்து சீசன் ஒரே அணியில் இருந்தவர். 2024 கோடையில் கிளிப்பர்ஸை விட்டு பிலடெல்பியாவுக்குப் போனபோது அவருக்கு 34 வயது. பிலடெல்பியா கொடுத்தது நான்கு ஆண்டு, மொத்தம் ஏறக்குறைய 21.16 கோடி டாலர். முதல் ஆண்டுச் சம்பளம் 4.92 கோடி. அந்த ஆண்டு அவர் ஆடியது 41 ஆட்டங்கள். வகுத்தால் ஆட்டத்துக்கு 12 லட்சம் டாலர். கேட்டதும் வாயைப் பிளக்க வைக்கிற எண்தான். ஆனால் அந்த எண் அணியின் உண்மையான நஷ்டத்தைச் சொல்வதில்லை. பணம் முதலாளியுடையது. கிளிப்பர்ஸ் முதலாளி ஸ்டீவ் பாமர் மைக்ரோசாஃப்டை நடத்தியவர். ஐந்து கோடி டாலர் வீணானால் அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போகாது. அவராலும் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று உண்டு. அதுதான் சம்பள வரம்பு.

லீக் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பை அறிவிக்கிறது. 2024-25இல் அது 14.06 கோடி டாலர், 2025-26இல் 15.46 கோடி. பத்து ஆண்டு அனுபவம் உள்ள ஆட்டக்காரருக்கு அதிகபட்சச் சம்பளம் அந்த வரம்பில் 35 சதவீதத்திலிருந்து தொடங்கலாம். புதிய ஆளுக்கு 25, நடுவில் உள்ளவர்களுக்கு 30. இந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். உடல் தேயத் தொடங்கும் வயதில்தான் சம்பளத்தின் உச்சவரம்பு ஏறுகிறது. 24 வயதில் 75 ஆட்டம் ஆடுகிறவர் கால் பங்கு எடுத்துக்கொள்கிறார். 34 வயதில் 41 ஆட்டம் ஆடுகிறவர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எடுத்துக்கொள்கிறார். இது யாருடைய முட்டாள்தனமும் இல்லை. உழைத்துப் பெயர் வாங்கியவருக்கு முதுமையிலாவது முழுக்கூலி கிடைக்கட்டும் என்று ஆட்டக்காரர் சங்கம் பேரம் பேசி வாங்கிய ஏற்பாடு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அணி நடத்துகிறவர் அதன் விலையைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதோடு என்.பி.ஏ. ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை முழு உத்தரவாதம் கொண்டவை. ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் பாதி ஒப்பந்தம் காகிதத்தில்தான் இருக்கும். ஆளைக் கழற்றிவிட்டால் மிச்சம் போய்விடும். கூடைப்பந்தில் அந்தப் பேச்சே இல்லை. ஆளை நீக்கினாலும் அவர் சம்பளம் வரம்புக் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியென்றால் எதற்காகக் கொடுக்கிறார்கள்? அணி நிர்வாகிகள் நம்மைவிட விவரம் குறைந்தவர்களா? இல்லை. இங்கேதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. பாஸ்டன் அணியின் பழைய நட்சத்திரம் லாரி பேர்ட் பெயரால் அதைப் பேர்ட் உரிமை என்பார்கள். ஓர் அணி வரம்பைத் தாண்டிப் போயிருந்தாலும் தன்னுடைய சொந்த ஆட்டக்காரரை அதிகபட்சச் சம்பளம் வரை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வெளி ஆளை எடுக்கத்தான் வரம்புக்குள் இடம் வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் போட்டால் புரியும். வரம்பு 14 கோடி. அணியின் மொத்தச் சம்பளம் 17 கோடி. அதில் 5 கோடி, முழங்கால் சரியில்லாத ஒரு நட்சத்திரத்துக்கு. அவரைப் போகவிட்டால் மொத்தம் 12 கோடியாகும். அப்போது கையில் இருக்கும் இடம் 2 கோடிதான், 5 கோடி இல்லை. அந்த 2 கோடிக்கு ஒரு நட்சத்திரம் வர மாட்டார். ஓரளவுக்கு ஆடும் ஒருவர் வருவார். ஆக, அணியின் முன்னால் இருக்கும் தேர்வு ‘காயம்பட்ட நட்சத்திரமா, நல்ல உடம்போடு இன்னொரு நட்சத்திரமா’ என்பது அல்ல. காயம்பட்ட நட்சத்திரமா, அல்லது ஒன்றும் இல்லையா. இந்தத் தேர்வு முன்னால் இருக்கும்போது மூன்றாவது ஆண்டு, நான்காவது ஆண்டு என்று கை தானாக எழுதிக்கொண்டே போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரிய சம்பளம் என்பது, அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகத்தில் ஒரு எடைக்கல். சம்பளம் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் பெரிய ஆட்களை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், ஆடாத ஆளின் சம்பளத்துக்கும் ஒரு பயன் இருந்தது. ஜான் வால் கதை இதற்கு நல்ல சாட்சி. வாஷிங்டன் 2017இல் அவருக்கு நான்கு ஆண்டு, 17 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. அது 2019-20இல் அமலுக்கு வர வேண்டும். வருவதற்கு முன்பே குதிகாலில் அறுவைசிகிச்சை. அதிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர் வீட்டில் வழுக்கி விழுந்து குதிகால் நாணைக் கிழித்துக்கொண்டார். புதிய ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு ஓர் ஆட்டம்கூட இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் வாஷிங்டன் அவரை ஹூஸ்டனுக்குத் தள்ளி ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில் வெஸ்ட்புரூக்கை லேக்கர்ஸிடம் கொடுத்து மூன்று உருப்படியான ஆட்களை வாங்கியது. ஆட முடியாத ஒருவரின் சம்பளம் இரண்டே கை மாறி ஓர் அணிக்கான ஆட்களாகிவிட்டது. ஹூஸ்டன் என்ன ஆனது என்கிறீர்களா? வால் அங்கே ஒரு சீசனில் 40 ஆட்டம் ஆடினார். அடுத்த சீசன் முழுவதும் நல்ல உடம்போடு, 4.4 கோடி டாலர் சம்பளத்தோடு, ஆடாமலே இருந்தார்.

சரி, இந்த வித்தை இன்னும் செல்லுமா என்றால், 2023க்குப் பிறகு ரொம்பக் கஷ்டம்.

அந்த ஆண்டு வந்த புதிய உடன்படிக்கை ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று ஓர் எல்லையைப் போட்டது. 2024-25இல் அது 18.89 கோடி டாலர். அந்த எல்லையைத் தாண்டிய அணி இரண்டு சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக உள்ளே கொண்டுவர முடியாது. வர்த்தகத்தில் ரொக்கம் சேர்க்க முடியாது. நடுத்தரச் சம்பளத்துக்கு ஆள் எடுக்க இருந்த சலுகையும் கிடையாது. புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஏழு ஆண்டுக்குப் பிறகு வரும் முதல் சுற்றுத் தேர்வுரிமையும் உறைந்துவிடும், அதை வர்த்தகத்தில் கொடுக்க முடியாது. முன்பு அதிகச் சம்பளத்துக்கான வரியைக் கட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் பணக்கார முதலாளிக்குத் தப்பான ஒப்பந்தம் ஒரு செலவு மட்டும். இப்போது தப்பான ஒப்பந்தம் ஒரு விலங்கு.

மூன்று பேருக்கு 35 சதவீதம் கொடுத்தால் அதுவே வரம்பில் 105 சதவீதம். இரண்டாம் ஏப்ரன் ஏறக்குறைய 134 சதவீதத்தில் இருக்கிறது. மிச்சம் 29 சதவீதத்தில் பன்னிரண்டு பேரைப் பிடிக்க வேண்டும். ஃபீனிக்ஸ் இதைச் செய்து பார்த்தது. 2024-25இல் டூரன்ட், புக்கர், பீல் மூவரின் சம்பளம் மட்டும் 15 கோடியைத் தாண்டியது. மொத்த வரம்பே 14.06 கோடி. பிராட்லி பீல் 53 ஆட்டங்கள் ஆடினார். அதற்கு முந்தைய சீசனிலும் 53 தான். தன் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற ஷரத்து அவர் ஒப்பந்தத்தில் இருந்ததால், தள்ளிவிடலாம் என்றாலும் வழியில்லை. அணி 36 வெற்றி, 46 தோல்வி. பிளேஆஃப் பக்கமே போகவில்லை. காயம்பட்ட நட்சத்திரம் உட்காரும் நாளில் அவர் இடத்துக்கு வருவது யார் என்று யாரும் கேட்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்த ஒருவர்தான் வருவார், ஏனென்றால் அதற்கு மேல் கொடுக்க இடமில்லை. நஷ்டம் அந்த நாற்காலியில் இருக்கிறது, வகுத்து வரும் 12 லட்சத்தில் இல்லை.

காயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல ஜாதி உண்டு. ஜார்ஜையே பாருங்கள். 2014 ஆகஸ்ட் 1ஆம் தேதி லாஸ் வேகாஸில் அமெரிக்க அணியின் பயிற்சி ஆட்டத்தில், எதிரியின் பந்தைத் தடுக்கத் தாவியவர் கால் கூடைக் கம்பத்தின் அடியில் இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. பார்த்தவர்கள் இன்றும் அந்தக் காட்சியை மறுபடி பார்க்க மாட்டார்கள். அந்தக் கால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகு 2015-16 முதல் நான்கு சீசன்களில் அவர் ஆடியது 81, 75, 79, 77. முறிந்த எலும்பு கூடினால் கூடிவிடுகிறது. அது விபத்து, ஆளின் குணமல்ல. அப்புறம் தோள், தொடைப் பின்தசை, முழங்கை என்று சின்னச் சின்னதாக ஒவ்வொன்றாக வந்தது: 48, 54, 31, 56. எந்தக் காயத்துக்கும் அந்தப் பழைய முறிவின் பயங்கரம் கிடையாது. ஆனால் சீசன்களைத் தின்றது இவைதான். 2023-24இல் 74 ஆட்டம் ஆடினார். உடனே பிலடெல்பியா நான்கு ஆண்டு எழுதிக்கொடுத்தது. நான்கு ஆண்டுப் பாடத்தை ஓர் ஆண்டு மறக்கடித்துவிட்டது. லெனார்டின் 68 ஆட்ட சீசனும் அதே 2023-24தான் என்பதைக் கவனிக்கலாம். இரண்டு கையெழுத்துகளும் நல்ல வெயில் அடித்த ஆண்டில் போட்டவை.

முழங்கால் குருத்தெலும்பு வேறு ரகம். அது தேய்ந்தால் மறுபடி வளராது. அறுவைசிகிச்சை வலியைக் குறைக்கும், வீக்கத்தை அடக்கும், ஆளை மைதானத்துக்குத் திருப்பும். போனதைத் திருப்பித் தராது. போர்ட்லேண்டின் பிராண்டன் ராய் ஐந்து ஆண்டு, ஏறக்குறைய 8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்தார். 2011 பிளேஆஃபில் டல்லஸுக்கு எதிராக நான்காம் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பிடுங்கி வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில், 27 வயதில், முழங்கால் காரணமாக ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்படிப்பட்ட மூட்டு ஒரு ராத்திரிக்கு எதையும் தரும். அடுத்த ராத்திரிக்குத் தருமா என்பது அதற்கே தெரியாது.

தசை, தசைநாண் காயங்கள் நடுவில் நிற்கின்றன. முன்பு கிழிந்த இடமே மறுபடி கிழிவதற்கு வாய்ப்பு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். வயது ஏறினால் இன்னும் அதிகம். குதிகால் நாண் அறுந்தும் திரும்பி வந்தவர் உண்டு. கெவின் டூரன்ட் 2019 இறுதித் தொடரில் அதை அறுத்துக்கொண்டார். புரூக்ளின் அவருக்கு நான்கு ஆண்டு, 16.4 கோடி டாலர் கொடுத்து முதல் ஆண்டு முழுவதும் உட்கார வைத்துச் சம்பளம் தந்தது. திரும்பி வந்த ஆண்டு சராசரி 26.9 புள்ளி. ஆனால் டூரன்ட்டின் ஆட்டம் உயரத்திலும் எறியும் கையிலும் இருக்கிறது. வாலின் ஆட்டம் முழுக்க வேகத்தில் இருந்தது. ஒரே நாண் அறுந்து ஒருவர் தப்பித்ததும் இன்னொருவர் தப்பாததும் அதிர்ஷ்டம் மட்டுமல்ல.

வயதையும் காயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்பதற்கு லெப்ரான் ஜேம்ஸ் போதும். 39 வயதில் அவர் ஒரு சீசனில் ஆடியது 71 ஆட்டம். லெனார்டு கிளிப்பர்ஸ் சட்டையில் எந்த சீசனிலும் 70ஐத் தொட்டதில்லை. முதியவர் என்பது ஒரு தகவல். அடிக்கடி உட்காருகிறவர் என்பது வேறொரு தகவல். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் பேனாவை எடுக்கும் கை தயங்க வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது பிடிக்கும் மீன் வேறு. லீக்கில் நெடுநாளாக உள்ள ஏற்பாட்டின்படி, காப்பீட்டில் உள்ள ஆட்டக்காரர் தொடர்ந்து 41 ஆட்டங்கள் தவறவிட்டால், அதற்குப் பிந்தைய ஆட்டங்களுக்கான சம்பளத்தில் 80 சதவீதம் அணிக்குத் திரும்பக் கிடைக்கும். ‘தொடர்ந்து’ என்ற சொல்லில்தான் கண்ணி. முழங்கால் வீங்கியவர் மூன்று ஆட்டம் உட்கார்ந்து, நாலு ஆடி, மறுபடி இரண்டு உட்கார்ந்தால், வருஷ முடிவில் முப்பது நாற்பது ஆட்டம் போயிருக்கும். காப்பீட்டுக்காரர் ஒரு காசு தர வேண்டியதில்லை. அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவதை விட்டுவிடுவது, நீண்ட பயணத்துக்குப் பின் ஓய்வு என்ற இன்றைய முறையெல்லாம் இந்தப் பொந்துக்குள்தான் விழுகிறது. முன்பே கெட்டுப்போன உறுப்பைக் காப்பீட்டிலிருந்து விலக்கியும் விடுவார்கள். 2010இல் நியூயார்க் அமாரே ஸ்டவுட்மயரை ஐந்து ஆண்டு, ஏறக்குறைய 10 கோடி டாலருக்கு எடுத்தபோது அவருடைய முழங்கால்களுக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. தெரிந்தேதான் எடுத்தார்கள். முதல் சீசன் 78 ஆட்டம், சராசரி 25 புள்ளிக்கு மேல். 2004க்குப் பிறகு முதல்முறையாக நியூயார்க் பிளேஆஃப் போனது. அதற்குப் பிறகு 47, 29, 65. ஐந்தாவது சீசன் பாதியில் பேசி முடித்து அனுப்பிவிட்டார்கள். முதல் ஆண்டுக்கு அந்தச் சம்பளம் தகும் என்று நான் இன்றும் சொல்வேன். பின்னால் வந்த நான்கும் அந்த ஒன்றுக்குக் கட்டிய வட்டி.

பணம் திரும்பக் கிடைத்தாலும் இன்னொன்று மிச்சமிருக்கிறது: காப்பீடு தருவது டாலர், வரம்பில் இடம் அல்ல. சீசன் முழுக்க ஆடமாட்டார் என்று லீக்கின் மருத்துவர் உறுதிசெய்தால், ஒரு சலுகை கேட்டு வாங்கலாம். அதில் அவர் சம்பளத்தில் அதிகபட்சம் பாதிக்குத்தான் ஆள் எடுக்க முடியும், அதற்கும் மேல்வரம்பு உண்டு. ஐந்து கோடிக்காரர் விட்ட இடத்தை அதை வைத்து நிரப்ப முடியாது.

இதையெல்லாம் சொன்னால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: அப்படியென்றால் டொராண்டோ? நியாயமான கேள்வி. 2017-18இல் சான் ஆன்டோனியோவுக்காக ஒன்பதே ஆட்டம் ஆடிய லெனார்டை, ஊரே கொண்டாடிய டீமார் டீரோசனைக் கொடுத்து டொராண்டோ வாங்கியது. 82 ஆட்டங்களில் 60இல் மட்டும் ஆடவிட்டார்கள். அடுத்தடுத்த நாள் வந்த ஆட்டங்களில் ஒன்றில் கட்டாய ஓய்வு. பிறகு பிளேஆஃபில் 24 ஆட்டம், சராசரி 30.5 புள்ளி. பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம், 90-90, மணி அடிக்கிறது. மூலையிலிருந்து, பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட் நீட்டிய கைக்கு மேலே லெனார்டு எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளிவிட்டு உள்ளே விழுந்தது. பந்து துள்ளும்போது லெனார்டு தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் டொராண்டோவுக்கு முதல் கோப்பை.

காயம்பட்ட நட்சத்திரத்துக்குக் கொட்டிக் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது என்பார்கள். ஆனால் டொராண்டோ கொட்டிக் கொடுக்கவில்லையே! ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஓர் ஆண்டு, ஏறக்குறைய 2.3 கோடி டாலர், அவ்வளவுதான். கோப்பையைத் தூக்கிய கையோடு லெனார்டு கிளம்பிவிட்டார். முழங்காலின் பிற்கால பாரம் கிளிப்பர்ஸ் தலையில் ஏறியது. 2021இல் அந்த அணி வரலாற்றிலேயே முதல்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனபோது, லெனார்டு முந்தைய சுற்றில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடையிலேயே அவருக்கு நான்கு ஆண்டு, 17.6 கோடி டாலர் கொடுத்தார்கள். முதல் ஆண்டு ஓர் ஆட்டம்கூட இல்லை. கவனித்துப் பார்த்தால் டொராண்டோ கதை நீண்ட ஒப்பந்தத்துக்கு எதிரான சாட்சி.

கிராண்ட் ஹில்லின் கணக்கு இதைவிட விசித்திரம். 2000இல் ஆர்லாண்டோ அவருக்கு ஏழு ஆண்டு, 9.3 கோடி டாலர் கொடுத்தது. கணுக்காலில் முறிவு, அறுவைசிகிச்சைகள், நடுவில் உயிருக்கே ஆபத்தான தொற்று. ஏழு சீசன், 574 ஆட்டங்கள், ஆடியது 200. ஒப்பந்தம் முடிந்து, ரொம்பக் குறைந்த சம்பளத்துக்கு ஃபீனிக்ஸ் போனார். அங்கே 36 வயதில் ஒரு சீசனில் 82 ஆட்டமும் ஆடினார். அடுத்த இரண்டு சீசன்களில் 81, 80. (ஹில்லுக்குப் பதிலாக ஆர்லாண்டோ டெட்ராய்டுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் பென் வாலஸ். அவர் நான்கு முறை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார், 2004இல் கோப்பையும் வென்றார். இந்தக் காயத்தின் பில் எங்கெல்லாம் போனது பாருங்கள்.)

என் வாதத்துக்கு எதிரான ஆளையும் சொல்லிவிட வேண்டும்: கிறிஸ் பால். 2018இல் மேற்கு இறுதித் தொடரில் ஹூஸ்டன் 3-2 என்று முன்னிலை. பாலின் தொடைப் பின்தசை இழுத்துக்கொண்டது. கடைசி இரண்டு ஆட்டம் அவர் இல்லை, இரண்டும் தோல்வி. அதே கோடையில் 33 வயது பாலுக்கு நான்கு ஆண்டு, 16 கோடி டாலர். லீக்கின் படுமோசமான ஒப்பந்தம் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஓர் ஆண்டில் ஹூஸ்டன் தேர்வுரிமைகளையும் மேலே வைத்து ஓக்லஹோமாவுக்குத் தள்ளிவிட்டது. அங்கே 70 ஆட்டம். அடுத்து ஃபீனிக்ஸில் சுருங்கிய 72 ஆட்ட சீசனில் 70. நேராக இறுதித் தொடர். சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பலன் யாருக்குப் போனது? எழுதிக் கொடுத்த அணிக்கு இல்லை, கைமாறி வாங்கியவர்களுக்கு.

கோபி பிரையன்ட்டுக்கு 2013இல் கொடுத்த இரண்டு ஆண்டு 4.85 கோடியை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது நன்றிக்கடன்; டிக்கெட்டும் விற்றது.

என்னைக் கேட்டால், ஆளைப் பொறுத்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் அவசியம் அபூர்வம். ஆண்டைப் பொறுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே தன் அணியில் இருக்கும் 32 வயதுக்காரருக்கு, போகவிட்டால் இடம் திரும்பக் கிடைக்காது என்ற நிலையில், இரண்டு ஆண்டு முழுச் சம்பளம் கொடுப்பேன். மூன்றாவது ஆண்டு என்றால் நிபந்தனை கேட்பேன். நிபந்தனை ஒன்றும் புதுசு இல்லை. 2017இல் ஜோயல் எம்பீட் மூன்று ஆண்டில் 31 ஆட்டமே ஆடியிருந்தபோது பிலடெல்பியா ஐந்து ஆண்டு, 14.8 கோடி டாலர் கொடுத்தது. பழைய பாதக் காயமோ முதுகுக் காயமோ திரும்பி வந்து அவர் நெடுநாள் உட்கார்ந்தால், குறைந்த தொகையில் விடுவிக்கலாம் என்ற ஷரத்துகளோடு. அவற்றைப் பயன்படுத்தத் தேவையே வரவில்லை. 2023இல் அவர் லீக்கின் மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர். 39 ஆட்டமும் ஒரு முழங்கால் அறுவைசிகிச்சையுமான சீசனுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில், அதே அணி 19.3 கோடிக்கு இன்னும் மூன்று ஆண்டை நீட்டியது. அந்த நீட்டிப்பு 2026-27இல்தான் தொடங்குகிறது. கையெழுத்திட்ட மறு சீசனில் எம்பீட் ஆடியது 19 ஆட்டம். அணி 24 வெற்றி, 58 தோல்வி. ஜார்ஜுக்கு மூன்று ஆண்டு மட்டும் தர முன்வந்து, நான்காவதற்குத் தலையசைக்காமல் போகவிட்ட கிளிப்பர்ஸ், லெனார்டு பாதிக்கு மேல் இல்லாத அதே சீசனில் 50 வென்றது. ஜார்ஜ் போனதால் திறந்த இடத்தில் வந்த நடுத்தரச் சம்பளக்காரர்கள் ஓடியாடித் தடுத்த வெற்றிகள் அதில் நிறைய.

வெளியிலிருந்து 34 வயதுக்காரரை நான்கு ஆண்டுக்கு எடுப்பது? மாட்டேன். ஜார்ஜின் ஒப்பந்தத்தில் கடைசி ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 5.66 கோடி. அந்த சீசன் முடியும்போது அவருக்கு 38 ஆகியிருக்கும். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் அணிக்கு இல்லை, அவருக்குத்தான்.

மீண்டுவர ஒரு வழி இருக்கிறது. மில்வாக்கி அதில் போனது. டேமியன் லில்லார்டின் ஒப்பந்தம் மில்வாக்கி எழுதியதல்ல. 2022இல் போர்ட்லேண்ட் எழுதியது, 35, 36 வயதுக்கான இரண்டு ஆண்டுகளை 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நீட்டியது. 2023இல் மில்வாக்கி அவரை அந்த ஒப்பந்தத்தோடு வாங்கிக்கொண்டது. 2025 ஏப்ரலில் பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் குதிகால் நாண் அறுந்தது. மிச்சம் இரண்டு ஆண்டு, ஏறக்குறைய 11.3 கோடி. அவரை நீக்கி, அந்தப் பாக்கியை ஐந்து ஆண்டுக்கு நீட்டிப் பரப்பினார்கள், ஆண்டுக்கு 2.25 கோடி, 2029-30 சீசன் முடியும் வரை மில்வாக்கியின் வரம்புக் கணக்கில் நிற்கும். லில்லார்டு, நீக்கப்பட்ட அதே மாதம், மூன்று ஆண்டு, 4.2 கோடி டாலருக்கு வேறோர் அணியில் கையெழுத்திட்டார். அந்த அணி போர்ட்லேண்ட்.